ஏற்றல் உடன்படல் ஆகுமா?

நன்றும் தீதும் ஆய்ந்து நடப்பதே மக்கட் பிறவியின் பயன் என்று நம் முன்னோர் வகுத்தனர். தீதை விலக்க வேண்டும் என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை. ஆனால் தீதில் வீழ்ந்துவிட்ட மனிதனை என்ன செய்வது என்ற வினா எழும்போதுதான் நம் உள்ளம் தடுமாறுகிறது. அவனை ஏற்றுக்கொண்டால் அவன் செய்த தவற்றுக்கும் உடன்பட்டவர்கள் ஆகிவிடுவோமோ என்று அஞ்சுகிறோம். விலக்கி நிறுத்தினாலோ கருணை இழந்தவர்கள் ஆவோமோ என்று கலங்குகிறோம். ஏட்டளவில் மட்டுமே நாம் பேசிவந்த இவ்வினாவை நம் வாசற்படி வரை கொண்டுவந்து நிறுத்திய நிகழ்ச்சி ஒன்று, 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் நடந்தது.

நகரின் கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயத்தை அருந்தியவர்கள் ஜூன் 18, 19 ஆகிய நாட்களில் ஒருவர் பின் ஒருவராக வீழ்ந்தனர். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், சேலம் ஆகிய இடங்களின் அரசு மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் அவர்கள் சேர்க்கப்பட்டனர். 65-க்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தனர். மாண்டவர்களில் மிகப் பலர் அன்றாடம் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். பெண்களும் அவர்களுள் இருந்தனர். தாய் தந்தை இருவரையும் ஒருசேர இழந்த பிள்ளைகளும் உண்டு. இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்ததும், துக்கத்தின் ஓலத்தையும் மீறி ஒரு கேள்வி எழுந்தது. குடித்துச் செத்தவனுக்கு எதற்கு இவ்வளவு பணம் என்பதே அது. தேநீர்க் கடையிலும் பேருந்திலும் பேசப்பட்ட அக்கேள்வி உயர் நீதிமன்றம் வரை சென்றது.

பொதுப் பணத்தை எவ்வாறு செலவிடுவது என்பது அரசியல் சார்ந்தது. அதனை ஈண்டு நாம் ஆராயப் புகவில்லை. அக்கேள்வியின் அடியில் மறைந்துகிடக்கும் வேறொரு கேள்வியே நம் கவனத்திற்கு உரியது. தன் கையாலேயே தன்னைக் கெடுத்துக்கொண்டவன் நம் இரக்கத்திற்கு உரியவன்தானா? மது, மாமிசம் முதலியவற்றை விலக்குவதை இல்லறத்தாரின் தொடக்க நிலை ஒழுக்கமாகவே கொண்டுள்ள நமக்கு இக்கேள்வி கூர்மையானது. குடியைப் பாவம் என்று கற்று வளர்ந்த நாம், குடிப்பவனைப் பாவி என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அது சரிதானா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மலையும் அதன்மேல் விழுந்த பழியும்

கள்ளக்குறிச்சியில் நின்று மேற்கே நோக்கினால் நீலமாகத் தெரிவது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. அதன் அடிவாரத்தில் கோமுகி அணை உள்ளது. மேலே வெள்ளிமலையைச் சுற்றிய சிற்றூர்களில் வாழ்வோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் தம் முன்னோர் என்பது அவர்கள் வழிவழியாகக் கூறிவரும் வரலாறு. சாமையும் தினையும் மரவள்ளியும் பயிரிட்டு, கடுக்காயும் தேனும் சேகரித்து வாழ்பவர்கள். நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த இம்மலைக்குச் சாலையும் பள்ளியும் மருத்துவமும் மிகக் காலந்தாழ்த்தே எட்டின. 2024 துயரத்திற்குப் பின்னர்ச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து இம்மக்களின் வாழ்நிலையை வழக்காக எடுத்து விசாரிக்கத் தொடங்கியது என்பது கருதத்தக்கது.

வேலம்பட்டையும் வெல்லமும் இட்டுச் சாராய ஊறல் போடுவது இம்மலையின் சில மூலைகளில் நெடுநாளாக நடந்து வந்திருக்கிறது. போலீசார் ஊறலைக் கண்டுபிடித்து அழித்தனர் என்ற செய்தி நாளிதழ்களில் வாடிக்கையாகவே வரும். அதனால் கல்வராயன் மலை என்றாலே சாராயம் என்று வெளியூரார் நினைக்கும் நிலை வந்துவிட்டது. ஊறலைக் கண்ணால் கண்டிராத மலைவாசியும் தன் ஊரின் பெயரைச் சொல்லத் தயங்கவேண்டியிருக்கிறது. ஆனால் கருணாபுரத்தில் உயிர் குடித்த மெத்தனால், மரப்பட்டை ஊறலில் காய்ச்சி வடிப்பதன்று. ஆலைகளில் வண்ணப்பூச்சுக்கும் வேதிப்பொருட்களுக்கும் பயன்படும் தொழில்துறைச் சரக்கு. சிலர் செய்த தொழிலுக்காக ஒரு மலையையே இகழ்வது நியாயமன்று என்பது இதனால் தெளிவு.

இகழ்ச்சி வேறொரு வகையிலும் கேடு செய்கிறது. மெத்தனால் உடலினுள் சென்றதும், கல்லீரலில் முதலில் பார்மால்டிஹைடாகவும் பின்னர்ப் பார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. அந்த அமிலமே கண் நரம்பைச் சிதைத்து உயிரையும் பறிப்பது. இம்மாற்றத்திற்குச் சில மணி நேரம் ஆகும். அதுவரை வழக்கமான போதை போலவே தோன்றும். அந்த இடைவெளிக்குள் மருத்துவமனையை அடைந்தால் மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் காப்பாற்றக்கூடும். குடித்ததை வெளியே சொல்ல நாணி வீட்டிலேயே சுருண்டு கிடப்பவன் இழப்பது அந்த மணி நேரங்களைத்தான். திருந்தட்டும் என்று நாம் எறிகின்ற இகழ்ச்சிச் சொல், பிழைக்கவிருந்தவனைப் பிழைக்காமல் செய்துவிடவும் கூடும்.

சட்டம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக 1937இல் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்த இடம், கல்வராயனின் மேற்குப் பகுதியைத் தன்னகத்தே கொண்ட சேலம் மாவட்டம். பின்னர் அது மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. 1971இல் தளர்த்தப்பட்டது, மீண்டும் வந்தது, மீண்டும் நீங்கியது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2024 துயரத்தை அடுத்துக் கள்ளச் சாராயக் குற்றத்திற்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கச் சட்டம் திருத்தப்பட்டது. விற்பவனைத் தடுக்கவும் தண்டிக்கவும் சட்டம் இருக்கிறது. குடிப்பவனின் உள்ளத்தை மீட்பதற்கு என்ன வழி என்பது சட்டத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அவ்வெல்லைக்கு அப்பால் பணி செய்பவர்கள் உளநல மருத்துவர்களும் ஆற்றுப்படுத்துநர்களும் ஆவர்.

உளநலத் துறை கண்ட உண்மை

அமெரிக்க நாட்டு உளவியல் பேராசிரியர் ஸ்டீவன் ஹேஸ் என்பவர் இளம் ஆசிரியராக இருந்த காலத்தில், துறைக் கூட்டம் ஒன்றில் பேச வாயெடுத்தும் சொல் வராமல் பெரும் பீதிக்கு ஆட்பட்டார். அதுமுதல் அப்பீதி மீண்டும் வந்துவிடுமோ என்று அஞ்சி அஞ்சி, அதனைத் தவிர்ப்பதற்கு அவர் மேற்கொண்ட முயற்சி ஒவ்வொன்றும் அதனையே வளர்த்தது. உளவியல் கற்பித்தவருக்கே இந்த நிலை. முடிவில், ஓடுவதை நிறுத்தி அச்சத்தை நேர்நின்று நோக்கிய பிறகே விடுதலை கண்டதாக அவர் எழுதியிருக்கிறார். இந்த அனுபவமும் ஆராய்ச்சியும் கலந்து உருவானதே ஏற்றலும் கடப்பாடும் என்று பெயர் கொள்ளத்தக்க சிகிச்சை முறை. அதனை விளக்கும் நூலை அவர் தம் தோழர் இருவருடன் 1999இல் வெளியிட்டார்.

அதன் கருத்தை எளிதாகச் சொல்லலாம். வாழ்வில் துன்பம் தவிர்க்க முடியாதது. இழப்பும் நோயும் அவமானமும் வராத மனிதன் இல்லை. துன்பம் வரும்போது அதனை உணரவே கூடாது என்று மனம் போராடுகிறது. அப்போராட்டத்தில் கையில் அகப்படும் கருவியாகப் பலருக்கு மது வாய்க்கிறது.

கரும்பு வெட்டும் கூலியாள் ஒருவர் தம் மகனைப் பறிகொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். இரவானால் மகனின் முகம் வருகிறது. அம்முகம் வராமல் இருக்க ஒரு பாக்கெட் வாங்குகிறார். அன்றிரவு முகம் வரவில்லை. மறுநாள் இரு மடங்காக வருகிறது. மகனை மறக்கக் குடித்தவர் நாளடைவில் மனைவியையும் மற்ற மக்களையும் மறக்கிறார். தம் நிலையை எண்ணி வெட்கம் வருகிறது. வெட்கத்தை மறக்கவும் குடிக்கிறார். ஊரார் அவரை இகழும்போது வெட்கம் பெருகுகிறது. வெட்கம் பெருகப் பெருகக் குடியும் பெருகுகிறது.

இத்தகையவரிடம் ஆற்றுப்படுத்துநர் முதலில் குடியை விடு என்று சொல்வதில்லை. மகனுக்காக அழ இடம் கொடுக்கிறார். வருகின்ற நினைவை விரட்டாமல், வந்த விருந்தைப் போல் சற்றே இருக்கவிடப் பழக்குகிறார். நான் உருப்படாதவன் என்று மனம் சொல்லும்போது, அது மனம் சொல்லும் சொல்லேயன்றி மெய்யறிவு அன்று என்று விலகி நின்று காணப் பயிற்றுகிறார். பிறகு கேட்கிறார்: உமக்கு எது முக்கியம்? எத்தகைய தகப்பனாக இருக்க விரும்பினீர்? இருக்கின்ற மக்களுக்கு இன்று மாலை நீர் செய்யக்கூடிய சிறு காரியம் யாது? துன்பம் தீர்ந்த பிறகு வாழலாம் என்று காத்திராமல், துன்பத்தையும் உடன்கொண்டே தாம் மதிக்கும் திசையில் ஓரடி எடுத்து வைப்பதே இதன் சாரம். பொருளுள்ள வாழ்வு என்று இம்முறை சொல்வது அந்த ஓரடியைத்தான்.

இங்கே ஏற்றல் என்ற சொல்லின் பொருள் வரையறுக்கத்தக்கது. தன் துன்பம் உண்மை என்று அவர் ஏற்கிறார். தாம் குடிக்கு அடிமைப்பட்டது உண்மை என்றும் ஏற்கிறார். இவ்விரண்டில் எதுவும் குடி நன்று என்று ஒப்புவதாகாது. மாறாக, உள்ளதை உள்ளபடி காண்பவனே அதனை மாற்றத் தொடங்க முடியும். சேற்றில் நிற்பவன் சேற்றில் நிற்கிறேன் என்று அறிந்தால்தானே காலை எடுக்க முனைவான்?

ஆற்றுப்படுத்துநர் அவனை ஏற்பதும் இத்தகையதே. கடிந்து பேசினால்தான் குடிகாரன் திருந்துவான் என்ற எண்ணம் மேலை நாட்டு மருத்துவரிடையேயும் நெடுங்காலம் இருந்தது. வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983 முதல் வேறொரு வழியை வளர்த்தார். கேட்பது, புரிந்துகொள்வது, அவனுள் ஏற்கெனவே இருக்கும் திருந்தும் விருப்பத்தை வெளிக்கொணர்வது என்பன அதன் அங்கங்கள். கருணையையும் ஏற்றலையும் அம்முறையின் அடிப்படைகளாகவே அவரும் அவருடைய தோழர் ஸ்டீபன் ரோல்னிக்கும் பின்னர் எழுதி வைத்தனர். மில்லரும் அவருடைய குழுவினரும் 1993இல் வெளியிட்ட ஆய்வொன்று நாம் அனைவரும் அறியத்தக்கது. ஆற்றுப்படுத்துநர் எவ்வளவுக்கு எதிர்த்துக் குற்றம் சாட்டினாரோ, அவ்வளவுக்கு அந்த நோயாளர் ஓராண்டு கழித்து அதிகமாகக் குடித்துவந்தது அதில் தெரியவந்தது. ஏசுவது பயன் தராததோடு, எதிர்ப் பயனும் விளைக்கக்கூடும் என்று இதனால் அறிகிறோம்.

நம் மண்ணில் நடந்தவை

இது மேலை நாட்டுச் சரக்கு, நம்மவர்க்கு ஒவ்வாது என்று சிலர் கூறக்கூடும். சென்னையில் திருமதி சாந்தி ரங்கநாதன் ஆற்றிய பணி அதற்கு விடை சொல்லும். அவருடைய கணவர் மதுவுக்கு அடிமையாகி இளம் வயதிலேயே மறைந்தார். செல்வமும் செல்வாக்கும் மிக்க குடும்பம். எனினும் அக்காலத்தில் அத்துயரை எடுத்துச் சென்று சொல்லத் தக்க இடம் ஒன்றில்லை. தம் துயரை மூடி மறைக்காமல், அதிலிருந்தே 1980இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று மக்கள் அறிந்துள்ளது அதுவே. குடியை ஒழுக்கக்கேடு என்று தள்ளாமல் நோய் என்று கொண்டு மருத்துவம் செய்வதும், குடிப்பவரோடு அவர் மனைவிக்கும் குடும்பத்தாருக்கும் தனியே ஆற்றுப்படுத்தல் தருவதும் அந்நிறுவனத்தின் நெறி. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கணவனை இழந்த பெண் ஒருவர் அவ்விழப்பையே பிறர்க்குப் பயன்படும் பணியாக ஆக்கிக்கொண்டது, பொருளுள்ள வாழ்வு என்பதற்கு நம் கண்முன் உள்ள எடுத்துக்காட்டு.

இப்பணிக்குப் பெருநகர் மருத்துவமனைதான் வேண்டும் என்பதும் இல்லை. கோவா மாநிலத்தில் சங்காத் என்ற நிறுவனத்தார் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓர் ஆய்வு நடத்தினர். கேடு விளைக்கும் அளவு குடித்துவந்த 377 ஆண்கள் அதில் பங்கு கொண்டனர். பயிற்சி பெற்ற உள்ளூர் ஆற்றுப்படுத்துநர்கள் சில அமர்வுகளில் அவர்களுடன் பேசினர். இவர்கள் மருத்துவர் அல்லர். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 26 விழுக்காட்டினரும், இப்பேச்சையும் பெற்றவர்களில் 36 விழுக்காட்டினரும் கேடான குடியிலிருந்து விடுபட்டிருந்தனர். 2017இல் இம்முடிவு வெளியானது. பத்துப் பேரில் ஒருவர் கூடுதலாக மீண்டார் என்பது சிறு எண்ணாகத் தோன்றலாம். அந்த ஒருவரின் வீட்டாருக்கு அது சிறிதன்று.

ஏற்றல் முறையையே ஒலிப்பதிவாக்கி, ஐந்து அமர்வுகளில் கேட்கச் செய்து, உகாண்டா நாட்டு முகாம்களில் தங்கியிருந்த தென் சூடான் அகதிப் பெண்கள் 694 பேரிடையே ஆராய்ந்த செய்தி 2020இல் வெளிவந்தது. மனத்துயர் குறைந்தது கண்டனர். அங்கும் நடத்தியவர்கள் உள்ளூர்ப் பெண்களே. கணவனை இழந்து நிற்கும் கருணாபுரத்துத் தாய்மாருக்கும், வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூர்களுக்கும் இத்தகைய உதவி எட்ட முடியாதது அன்று என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறோம். 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, மதுவால் விளையும் மனநலக் கோளாறு உடையோரில் நூற்றுக்கு 86 பேர் எவ்விதச் சிகிச்சையும் பெறவில்லை. வெட்கமும் இகழ்ச்சியும் இதற்குக் காரணமல்ல என்று எவரேனும் சொல்ல இயலுமா?

நம் நெறி என்ன சொல்கிறது?

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே, உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில், அப்பாண்டைநாதர் எழுந்தருளிய திருநறுங்கொண்டை இருக்கிறது. அப்படிகளில் ஏறி வணங்கும் நாம், நற்காட்சியின் எட்டு அங்கங்களைக் கேட்டே வளர்ந்தோம். அவற்றுள் இரண்டு இங்கு நினைக்கத்தக்கவை.

ஒன்று நிர்விசிகித்சை, அதாவது அருவருப்பின்மை. இதற்கு எடுத்துக்காட்டாக உத்தாயன மன்னன் வரலாற்றைப் பெரியோர் கூறுவர். நோயுற்ற முனிவர் வடிவில் வந்தவர் உண்ட உணவைத் தம் மீதே உமிழ்ந்தபோதும், மன்னன் முகஞ்சுளிக்காமல் தூய்மை செய்து பணிந்தான். முனிவரையும் குடிப்பவரையும் நாம் ஒப்பிடவில்லை. வாந்தியையும் நாற்றத்தையும் கண்டு முகஞ்சுளிக்காத பயிற்சியைப் பெற்ற கை எவர்க்கும் உதவும் என்பதே நாம் சொல்ல விழைவது.

மற்றொன்று ஸ்திதிகரணம், அதாவது நெறியிலிருந்து தளர்ந்தவரை நிலைநிறுத்தல். வாரிசேணர் கதை நாம் அறிந்ததே. துறவு பூண்டும் மனைவியையே எண்ணி வாடிய நண்பர் புஷ்பதாலரை அவர் பலர் அறியத் தூற்றவில்லை. கூடவே நடந்தார், தம் அரண்மனைக்கு அழைத்துச் சென்று, தாம் துறந்தவற்றைக் காட்டி, நண்பரே தம் உள்ளத்தைத் தாமே கண்டு தெளியும்படி செய்தார். தளர்ந்தவனோடு உடன்நடந்து, அவன் கண்ணை அவனே திறக்கச் செய்யும் அந்த முறைக்கும், மேலே சொன்ன ஆற்றுப்படுத்துநர் முறைக்கும் உள்ள உறவை விளக்க வேண்டியதில்லை.

ஓர் ஐயம் எழலாம். துன்புறுவோர் மீது கருணையும், அறிவுரைக்கு அடங்காதவர் மீது மாத்யஸ்தம் என்னும் நடுவுநிலையும் கொள்க என்றுதானே தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது? எத்தனை முறை சொல்லியும் கேளாதவனிடம் கருணை எதற்கு? நன்கு நோக்கினால், அங்குச் சொல்லப்பட்டது நடுவுநிலையே; வெறுப்பன்று. விருப்பும் வெறுப்பும் அற்று நிற்பதும் ஒரு வகை ஏற்றலே. இகழ்ந்து பேசுவதற்கு அந்நூல் எங்கும் இடம் தரவில்லை.

ஹேஸ் முதலியோர் உயிரைப் பற்றியோ வினையைப் பற்றியோ பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களது எல்லை இவ்வுலக வாழ்வின் நலமே. ஆயினும், எண்ணங்கள் வந்து போகின்றன, காண்பவன் நிற்கிறான் என்று அவர்கள் பயிற்றும்போது, உயிரின் இயல்பு அறிதலும் காண்டலும் என்று சாமாயிகத்தில் அமர்ந்து சிந்திக்கும் நமக்கு அது அந்நியமாகப் படவில்லை.

ஏற்றலின் எல்லை

இவ்வளவும் சொன்னபின், ஏற்றல் என்ற பெயரால் ஒரு பெருந்தவறு நேராதிருக்க எச்சரிக்கை தேவை. குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பொறுத்துக்கொண்டு வாழ் என்று பெண்ணுக்கு உபதேசிப்பது ஏற்றல் ஆகாது. பொறுமை என்னும் உயர்ந்த சொல்லைச் சொல்லியே நம் வீடுகளில் பெண்கள் அடிபட்டிருக்கிறார்கள். அவள் ஏற்க வேண்டியது, என் கணவர் நோயுற்றிருக்கிறார், என்னால் தனியாக இதனைத் தீர்க்க முடியாது என்ற உண்மையை மட்டுமே. அவ்வுண்மையை ஏற்றவள்தான் தாய்வீடு செல்வதையும், சட்டத்தின் காப்பை நாடுவதையும், மருத்துவரிடம் பேசுவதையும் வெட்கமின்றிச் செய்வாள். இரக்கம் குடிப்பவனுக்கு உரியதென்றால் அவனால் துன்புறுவோருக்கு அது முதலில் உரியது.

அவ்வாறே, ஏற்பதனால் கடமை தளர்வதும் இல்லை. குடிப்பவர் வாங்கிய கடனை மறைவாக அடைப்பதும், அவர் வேலைக்குச் செல்லாததற்குப் பொய்க் காரணம் சொல்வதும் அன்பினால் செய்யப்படுவன ஆயினும், நோயை நீளச் செய்வனவே. அன்போடு கூடிய உறுதியையே ஆற்றுப்படுத்துநர்கள் குடும்பத்தாருக்குக் கற்பிக்கின்றனர்.

நம் சமூகத்தில் இது இல்லை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். இல்லை என்பதைவிட, வெளியே தெரிவதில்லை என்பது உண்மைக்கு நெருக்கமானது. மகளின் திருமணம் தடைப்படுமே, ஊர்ப் பெரியவர்கள் என்ன நினைப்பார்கள், கோயில் விழாவில் எப்படி முகம் காட்டுவது என்ற அச்சங்களால் அடைபட்ட கதவுகள் நம்மிடையே உண்டு. குடி விலக்கிய குலம் என்ற நற்பெயர், குடியில் வீழ்ந்த ஒருவனுக்குப் பிறரினும் இரு மடங்கு வெட்கத்தைத் தருகிறது. அவ்வெட்கம் அவனை மருத்துவரிடமிருந்து விலக்குகிறது. பழியை மறைத்தலும் நற்காட்சியின் ஓர் அங்கம்தான். உபகூகனம் என்று அதனைச் சொல்வர். ஆனால் பிறரறியப் பரப்பாமல் காப்பதே அதன் பொருள். மருத்துவரும் அறியாதவாறு மூடிவைத்து ஓர் உயிரை இழப்பது அதன் பொருளாகாது.

ஆதலின் செய்யத்தக்கன சிலவற்றைக் கூறி முடிக்கிறோம். வீட்டில் குடிப்பவர் ஒருவர் இருந்தால், அவர் தெளிவாக இருக்கும் வேளையில், உணவுக்குப் பின், குற்றம் சாட்டாமல் அவருடன் அமர்ந்து கேட்க வேண்டும். என்ன வலிக்கிறது என்று கேட்க வேண்டும்; விடை வரும்வரை இடையே பேசாதிருக்க வேண்டும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் தோன்றி உயிருக்கே இடர் நேரலாம். எனவே நோன்பு போலத் திடீரெனச் சத்தியம் வாங்காமல் மருத்துவர் துணையோடு நிறுத்தச் செய்ய வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே மதுவினால் விளையும் மனநலக் கேட்டை நோய் என்று ஏற்றுள்ளது. அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவை நாடலாம். 2022 முதல் 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் டெலி மானஸ் சேவை கிடைக்கிறது. பெயர் சொல்லாமலும் பேசலாம்.

மீண்டு வந்தவரைக் கோயில் விழாவில் கண்டால் பழைய கதையைக் கேட்காமல், ஒரு வேலையைக் கையில் கொடுக்க வேண்டும். பந்தியில் பரிமாறவோ, படிகளைத் தூய்மை செய்யவோ அழைக்க வேண்டும். மீண்டும் அவர் தவறினால், அதனையும் நோயின் போக்கு என்று அறிந்து மீண்டும் உடன்நடக்க வேண்டும். கருணாபுரத்தில் மாண்டவர்களுக்கு இவ்வாறு உடன்நடக்க எவரும் இருந்தனரா என்று நாம் அறியோம். நம் தெருவில் இன்னும் உயிரோடு இருப்பவருக்கு நாம் இருக்க முடியும்.